முந்நூற்று அறுபத்தாறாவது படி

இமயமலையிலிருந்து இலங்கை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், மூன்றாம் வகுப்பை எங்கள் பங்காரம்மாள் படித்த மாதிரி படித்தவர் ஒருத்தர்கூடக் கிடைக்கமாட்டார். ஏழெட்டு ஐம்பத்தாறு ஆனதே அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான். திருத்தணி மலை உச்சியில் நின்று அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்று சொன்ன பிறகுதான் வடக்கு வடக்கே போய் நின்றது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொசுதான் காரணம் என்று வெள்ளைக்காரன் கண்டுபிடித்தானாம். அதை அவள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் கொசு ஜாமீனில்தான் திரிந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் நான். நாலாம் வகுப்பில் மூன்றே மாதம் இருந்தேன். அதற்குள் வாத்தியார் நாற்காலியில் யாரோ மாட்டுச் சாணி வைத்துவிட்டார்கள். யாரோ. அதிலிருந்து என் நைனாவின் ஜட்கா வண்டியில் உட்கார்ந்து சவாரிக்குக் கூவுவதுதான் என் வேலை. பேர் வேணு. வயது பதினைந்து. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு குதிகாலால் வண்டிச் சக்கரத்தைத் தட்டுவேன். ஓரேழ் ஏழு, டக். ஈரேழ் பதினாலு, டக். மூன்று வருஷத்துப் பழக்கம், போகமாட்டேன் என்கிறது.

பங்காரம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சரவணப் பொய்கைப் பக்கம் படி தொடங்கும் இடத்தில் விடியற்காலையிலேயே வந்து நிற்பாள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் படியை அண்ணாந்து பார்த்ததும் அவர்கள் முகம் வாடுமே, அந்த முகத்துக்குத்தான் காத்திருப்பாள். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கூலி, அவர்கள் கொடுத்தது.

பிறந்தது அம்மையார்குப்பத்தில், நெசவுக் குடும்பம். இரண்டாம் வகுப்பு முடிந்த அன்றைக்கே சிலேட்டைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தார் சுற்ற உட்காரவைத்தார்கள். தறியில் ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குழலில் நூல் சுற்றுகிற வேலை அது. பதினாலில் கல்யாணம். புருஷன் மெட்ராஸ் மில்லுக்கு வேலைக்குப் போனான். முதல் வருஷம் மணியார்டர் வந்தது, இரண்டாம் வருஷம் கடுதாசி வந்தது, மூன்றாம் வருஷம் ஒன்றும் வரவில்லை. அண்ணன் வீட்டுக்குத் திரும்பினாள். அண்ணி சோறு போடும்போது தட்டைப் பார்க்காமல் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுவாளாம். ஒரு கிருத்திகைக்கு மலையேற வந்தவள், வழியில் யாரோ ஒருத்தியின் அழுகிற குழந்தையை வாங்கித் தூக்கினாள். மேலே போனதும் கையில் காசு வைத்தார்கள். இறங்கி வந்து அடுத்த குழந்தைக்கு நின்றாள். அது ஆயிற்று பத்து வருஷம்.

அவளிடம் ஒரு குணம். யாரையும் நம்பமாட்டாள். பால்காரன் அளந்தால் படியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள். மலைமேல் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட, குழந்தை தானாகக் கை நீட்டினால்தான் கொடுப்பாள். "தாயிதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்பாள்.

போன கார்த்திகையில், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று கடைசியில், ஒரு டாக்டரம்மாவின் குழந்தையை மேலே தூக்கிப் போனாள். அந்த அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கீழே கடைத் தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு ஆயா வேண்டும். மருந்து பாட்டில்மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும், பிறந்த குழந்தையின் எடையை நோட்டில் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்பு படித்திருந்தால் போதும். ஒரு சின்னப் பரீட்சை இருக்கும், தபாலில் கார்டு வரும்.

"நீ படிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாராம்.

"ஆங், மூணாங் கிளாஸு பாஸுங்க" என்று சொல்லிவிட்டாள் இவள்.

ஊரில் யார் பொய் சொன்னாலும் கண்டுபிடிக்கிறவள் அவள். அன்றைக்கு அவளே சொன்ன பொய்யைப் பிடிக்கத்தான் ஆளில்லை. ஆனால் அவள் வலது முட்டி அப்போதே மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. இறங்கும்போது ‘கடக்’ என்று ஜட்கா அச்சு மாதிரி சத்தம் கேட்கும். இன்னும் ஒரு வருஷம் ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால் அம்மையார்குப்பம்தான், அண்ணிதான், தார் சுற்றுவதுதான். யுத்தத்தால் நூலே கிடைக்காமல் தறி சும்மா கிடக்கிற வீட்டில் அதுவும் கிடையாது. ஆகவே அவளுக்கு மூன்றாம் வகுப்பு வேண்டியிருந்தது. முழுசாக, யாருக்கும் தெரியாமல், இரண்டு மூன்று மாதத்துக்குள்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பங்காரம்மாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு வேர்க்கடலை கொடுக்கிறாள் என்பதுதான். அவள் யாருக்கும் சும்மா ஒரு கடலைத் தோல்கூடக் கொடுத்தவள் இல்லை.

மூன்று பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் மனோரமா. வாத்தியார் பேசுவதை அப்படியே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும் ஜம்புலிங்கம். பிறகு சிவப்பிரகாசம். அவன் தன் பேரை எழுதினாலே இரண்டு எழுத்து காணாமல் போய்விடும். ஒருத்தியைப் பொய்கையோரம் நிறுத்திக் கேட்பாள், அடுத்தவனைப் பள்ளிக்கூடத்து வேலியோரம், மூன்றாமவனைத் தெருக்குழாயண்டை. சிவப்பிரகாசத்தை மடக்கி நான் விசாரித்தேன்.

"இன்னாடா கேட்டா உன்னை?"

"ரயிலு எந்தப் பக்கமா போவுதுன்னு கேட்டாங்கண்ணா. ஜில்லாவுக்கு எல்லை எதுன்னு கேட்டாங்க. வடக்கு எங்க இருக்குன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"தெரியாதுன்னேன். கடலை குடுக்கல."

யுத்தக் காலம். யாரிடமும் வாயைத் திறக்காதே என்று ஸ்டேஷனில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ரயில் ரோடு, ஜில்லா எல்லை, திசை. இதெல்லாம் ஒரு குழந்தை தூக்குகிறவளுக்கு எதற்கு? ஜப்பான்காரனுக்குத்தான் வேண்டும். மலைமேல் நின்று அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எல்லாப் பக்கமும் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். தலைச் சுமைக்குச் சுருட்டி வைக்கிற துணிக்குள் தட்டையாக, கறுப்பாக ஏதோ ஒளித்தும் வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் பின்தொடர்ந்தேன். பொய்கைக்குப் பின்னால் புங்கமரத்தடியில் உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். உள்ளே இருந்தது சிலேட்டு. ஓரம் உடைந்த சிலேட்டு. உதட்டைக் கடித்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு எழுதினாள். ஏழு ஏழாக அறுபத்து மூன்று வரைக்கும் போய், பத்தேழ் எழுபது எழுதாமல் நிறுத்திவிட்டு எழுந்தாள். நேரே படிக்குப் போய் ஏழு படிக்கு ஒரு தரம் காலை ஓங்கி வைத்து ஏறினாள். பத்தாவது மிதியில் நின்று, எழுபதாவது படிதானா என்று கீழே பார்த்தாள். திரும்பி வந்து எழுபது என்று எழுதினாள்.

நான் சிரித்துவிட்டேன். அதுதான் பிசகு. அடுத்த நொடி என் காது அவள் விரலில் இருந்தது.

"எத்தினி நாளா பின்னாடியே வந்துகினு இருக்கே?"

"காதை விடுக்கா! நீ ஜப்பான் ஆளுன்னு நெனச்சேன்!"

"ஜப்பான்காரன் ஏழாம் வாய்ப்பாடு படிக்கத் திருத்தணிக்கு ஆளு அனுப்பறானா?"

காதைத் திருகத் திருக உண்மை என் பக்கமிருந்து வரவேண்டும். அன்றைக்கு அவள் பக்கமிருந்து வந்தது. டாக்டரம்மா, ஆயா வேலை, தான் சொன்ன பொய், முட்டி, எல்லாம் சொன்னாள். வாத்தியாருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குத் தெரியும். வாயைத் திறந்தால் காது தனியாக வந்துவிடும் என்றாள். மலைப்பக்கம் கை காட்டிச் சத்தியம் வாங்கினாள்.

"நானே சொல்லித்தரேன்க்கா. மூணாங் கிளாஸு எனக்குத் தலைகீழாப் பாடம்."

"தலைகீழாத்தான் படிச்சிருப்பே. மூணு வருஷம் எதுக்கு ஒக்காந்தே?"

எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. "போவட்டும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நம்ம சித்தூர் ஜில்லாவுக்குத் தலைநகரம் பொதட்டூர்பேட்டை. பரீச்சையில கட்டாயம் வரும்" என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். மறுநாள் மூன்று பிள்ளைகளையும் மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்டாள். மூன்றாவது பதில் வாங்கிக்கொண்டு நேரே ஜட்கா நிற்கும் இடத்துக்கு வந்தாள். நைனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாட்டையை உருவி, "லுங்கி நெய்யற ஊருக்கா தலைநகரம் குடுக்கறே?" என்று துரத்தினாள். நைனா காரணமே கேட்கவில்லை. "அந்தப் பக்கமா ஓடுறான், மடக்கு" என்று அவளுக்கு வழி சொன்னார்.

அவள் முறை அதுதான். மூன்று வாய் ஒரே பதில் சொன்னால் பாடம். ஒரு வாய் மாறினாலும் புளுகு. மூன்று வாய் சொன்ன பிறகும் தன் கண்ணால் ஒரு தரம் சோதித்துப் பார்ப்பாள். மொச்சை விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்தால் முளைவிடும் என்ற பாடத்துக்கு, கொட்டாங்கச்சியில் வைத்து நாலு நாள் காவல் இருந்தாள். வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும் என்றதற்கு, "ரேணிகுண்டா ரயிலு வடக்கால போவுதே, அப்ப மேலே ஏறணுமே? என் கண்ணுக்கு சமமாத்தான் போவுது" என்று இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவில்லை. கொசுவை மட்டும் சோதிக்க வழியில்லை. "காய்ச்சலைக் கூடையிலயா தூக்கிகினு வருது?" என்று கேட்டுவிட்டு, பிறகு தன் குடிசை வாசலில் இருந்த உடைசல் பானைத் தண்ணீரை எல்லாம் கவிழ்த்துவிட்டாள். அந்தத் தையில் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. கொசுவுக்குத் தண்டனை உறுதியாயிற்று.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

சாட்டைக்குப் பழி வாங்க, முக்காலணா கொடுத்து ஒரு கார்டு வாங்கினேன். பெரிய மனுஷன் கையெழுத்து மாதிரி சாய்த்து எழுதினேன். ‘பங்காரம்மாள் அவர்களுக்கு, ஜனவரி பத்தாம் தேதி காலை பத்து மணிக்குப் பரீட்சைக்கு ஆஸ்பத்திரிக்கு வரவும்.’ தபால் பெட்டியில் போட்டேன். முத்திரை குத்தியே வந்தது.

பத்தாம் தேதி அவள் போனாள். பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அப்போது சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. கதவில் பூட்டு. நான் எதிர்ப்பக்கம் ஜட்காவில் கமுக்கமாக உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தேன். அவள் படியில் உட்கார்ந்து சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. பரீட்சை நேரம் தள்ளிப்போயிருக்கிறது என்று நினைத்தாளோ என்னமோ, எழுந்திருக்கவே இல்லை. நடுவில் ஒரு தரம் சிலேட்டைத் துடைத்து ஏதோ எழுதிப் பார்த்தாள். ஒரு மணிக்குக் கொல்லன் ஒருத்தன் வந்து கதவுக்குக் கீல் பொருத்த ஆரம்பித்தான். அப்போதுதான் அவள் கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். நேரே என்னைப் பார்த்தாள்.

இந்தத் தடவை துரத்தவில்லை. என் பக்கமே வராமல் போய்விட்டாள். முட்டி ‘கடக், கடக்’ என்றது எனக்குக் கேட்டது.

அந்த வாரத்திலிருந்து சாயங்காலங்களில் எனக்குக் கொஞ்சம் வேறு வேலை இருந்தது. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பாடம் நன்றாகவே நடந்தது. மூன்று பிள்ளைகளின் பதிலும் இப்போது ஒன்றாகவே இருந்தது. கடலை செலவு கூடியது. மாசக் கணக்கு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஜனவரிக்கு முப்பத்தொன்று, பிப்ரவரிக்கு இருபத்தெட்டு, மார்ச்சுக்கு முப்பத்தொன்று என்று பன்னிரண்டு மாசத்தையும் சிலேட்டில் வரிசையாக எழுதிக் கூட்டினாள். முதல் தரம் முந்நூற்றைம்பத்தைந்து வந்தது. கை மாற்றி எடுத்ததைக் கண்டுபிடித்து மறுபடியும் கூட்டினாள். முந்நூற்று அறுபத்தைந்து. எங்கள் மலைக்குப் படியும் அவ்வளவே. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவள் பத்து வருஷமாக இடுப்பில் பிள்ளையோடு எண்ணி எண்ணி ஏறியவள். வாத்தியார் சொன்னதும் சாமி கட்டியதும் ஒன்றாக இருந்ததை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். அதற்கப்புறம் மூன்றாம் வகுப்பின் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. அந்தச் சிலேட்டை மூன்று நாள் துடைக்கவில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி வாக்கில் நிஜமான கார்டு வந்தது. ‘29-2-44, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி.’

அவள் அதைப் படித்தாள். நேரே என்னிடம் வந்து கார்டை என் மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

"உனக்கு முக்காலணா எங்கேருந்துடா கெடைக்குது?"

"ஐயோ, இது நான் எழுதலக்கா! நெசமாவே அவங்க அனுப்பினதுக்கா!"

"இருபத்தொம்பதாம் தேதியா? பிப்ரவரியிலயா? பொய் எழுதறவன் கொஞ்சம் யோசிச்சு எழுதக் கூடாது?"

நாலாம் வகுப்பில் இருந்த மூன்று மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்றுதான். நாலு வருஷத்துக்கு ஒரு தரம் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூட வரும். இந்த வருஷம் அந்த வருஷம். ஆனால் அது நாலாம் வகுப்புப் பாடம். மூன்றாம் வகுப்பில் கிடையாது. மூன்று பிள்ளைகளுக்கும் இருபத்தெட்டுதான் தெரியும்.

"நாலு வருஷத்துக்கு ஒரு வாட்டி ஒரு நாள் ஜாஸ்திக்கா. இந்த வருஷத்துக்கு முந்நூத்தறுவத்தாறு."

"அப்பிடியா? சாமிக்குப் படி கட்டினவனுக்கு அது தெரியாமப் போச்சா? அந்த முந்நூத்தறுவத்தாறாவது படி எங்கடா? நீ தூக்கிகினு போய் வண்டிக்கடியில வெச்சிருக்கியா?"

ஓடிப்போய் நாள்காட்டி கொண்டுவந்தேன். பிப்ரவரி 29 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடியில் இருந்த கடைப் பேரை விரல் வைத்துப் படித்தாள். "பொதட்டூர்பேட்டை ஜவுளிக் கடை. உன் தலைநகரத்துல அச்சடிச்சதா?"

"யாரையாவது கேட்டுப் பாரேன்க்கா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

நைனாவைக் கேட்டாள். "அண்ணே, வர செவ்வாக்கெழமை என்ன தேதி?"

"மாசி பதினேழோ பதினெட்டோ" என்றார் நைனா, குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே.

"இங்கிலீசு தேதி?"

"அது துரைக்கு வேணும். என் குதிரைக்கு எதுக்கு?"

பங்காரம்மாள் கார்டை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். "ஒரு வாட்டி அந்தப் பூட்டின கதவண்டை ஒக்காந்தேன். போதும். நெசமான கார்டு வரும்போது போறேன்." திரும்பிப் படிப் பக்கம் நடந்தாள்.

நான் முதல்முதலாக உண்மை பேசிய நாள் அது. ஒருத்தரும் வாங்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலை. செவ்வாய்க்கிழமை, மலைக்கு நல்ல கூட்டம். நைனா மெட்ராஸ் வண்டிக்கு ஸ்டேஷன் போயிருந்தார். மணி ஒன்பதேகால். பங்காரம்மாள் பழைய புடவையோடு படியண்டை நின்று, அண்ணாந்து பார்க்கிற முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த வழி எப்போதும் ஒன்றுதான்.

வீட்டுக்கு ஓடி, மூன்று வயதுத் தங்கச்சி அம்முவைப் போர்வையில் சுற்றினேன். "முனகிகினே வரணும். கண்ணைத் தெறக்கக் கூடாது. தேன்மிட்டாய் வாங்கித் தரேன்" என்றேன். பங்காரம்மாளின் குடிசைக் கூரையில் செருகியிருந்த சிலேட்டை உருவி என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அக்கா! அம்முவுக்கு வாந்திக்கா, ராத்திரியெல்லாம்! நைனா ஊட்ல இல்ல! ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்!"

என்னைப் பார்த்த கண்ணில் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் அம்முவைப் பார்த்ததும் கை தானாக நீண்டுவிட்டது. போர்வையோடு வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஓட்டமும் நடையுமாக. நான் சிலேட்டு குத்தக் குத்தப் பின்னால் ஓடினேன். அம்மு முனகிய முனகலுக்குப் பழனி வரைக்கும் தூக்கிப் போவார்கள். அவ்வளவு நன்றாக முனகினாள்.

ஆஸ்பத்திரிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வராந்தாவில் மூன்று பெண்கள் தரையில் வரிசையாக, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கையில் காகிதத்தோடு நின்று பேர் படித்துக்கொண்டிருந்தார்.

"பங்காரம்மாள். வரலையா?"

பங்காரம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சட்டைக்குள்ளிருந்து சிலேட்டை எடுத்து நீட்டினேன். அந்த நேரம் பார்த்து அம்மு கண்ணைத் திறந்து, "அண்ணா, முட்டாயி?" என்றாள்.

"வந்துட்டேங்க" என்றாள் பங்காரம்மாள்.

அம்முவை என் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "முதல்ல எல்லாரும் இன்னைய தேதி எழுதுங்க" என்றார் டாக்டரம்மா. அவள் பலப்பம் நகரவில்லை. இடது பக்கத்துச் சிலேட்டைப் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். கழுத்தை நீட்டி மூன்றாவதையும் பார்த்தாள். மூன்றிலும் இருபத்தொன்பது. பிறகுதான் எழுதினாள்.

மருந்து பாட்டில் சீட்டைப் படிக்கச் சொன்னார்கள். தட்டித் தடவி, ஆனால் தப்பில்லாமல் படித்தாள். பிறந்தபோது ஆறு பவுண்டு பன்னிரண்டு அவுன்ஸ் இருந்த குழந்தை, ஒரு மாசத்தில் ஏழு பவுண்டு நாலு அவுன்ஸ் ஆனால் எவ்வளவு கூடியது என்று கேட்டார்கள். "எட்டு அவுன்சுங்க, அரை பவுண்டு. இடுப்புல வெச்சாலே தெரியும்" என்றாள். பூமியின் வடிவத்துக்கு அவள் எழுதியதை டாக்டரம்மா சத்தமாகவே படித்தார்: ‘உருண்டை என்று சொல்கிறார்கள்.’ மற்ற மூன்று பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"வருஷத்துக்கு எத்தனை நாள்?"

"முந்நூத்தறுவத்தஞ்சுங்க. இந்த வருஷம் ஒண்ணு ஜாஸ்தி." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு இன்னும் படி கட்டல" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு அது விளங்கியதோ இல்லையோ, சிரித்துவிட்டார். பங்குனி முதல் தேதியிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்.

இப்போது அவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஆயா. பாட்டிலைக் கவிழ்த்து, சீட்டைப் படித்து, மறுபடியும் கவிழ்த்து, பிறகுதான் நர்ஸ் கையில் கொடுப்பாள். படி ஏறுவது கிருத்திகைக்கு மட்டும்.

இதையெல்லாம் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி முடித்து, அவளுக்கே காட்டலாம் என்று எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் உட்கார்ந்து வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். அரை மணி ஆயிற்று. நான் தூணில் சாய்ந்து நின்றேன். பொதட்டூர்பேட்டைக்கு மூக்கைச் சுருக்கினாள். பொய்க் கார்டு வந்த பக்கத்தைச் சட்டென்று புரட்டினாள். கடைசியில் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் எழுதியிருக்கே. ஒண்ணு வுட்டுட்டியே."

"இன்னாதுக்கா?"

"‘வேறு வேலை இருந்தது, எழுத வேண்டிய அவசியம் இல்லை’ன்னு போட்டிருக்கியே. அது இன்னா வேலை?"

"அது... குதிரைக்குப் புல்லு அறுக்கறது."

"குதிரைக்கா?" கண்ணைச் சுருக்கினாள். மலை உச்சியில் நின்று வடக்கைத் தேடிய அதே கண். "தன் பேரே எழுதத் தெரியாதவன் சிவப்பிரகாசம். பொங்கலுக்கு அப்புறம் ஏழெட்டு கேட்டா ஐம்பத்தாறுன்னு பட்டுனு சொன்னான். சொல்லும்போது குதிகாலால தெருக்குழாயைத் தட்டிகினே சொன்னான். மனோரமா பொய்கைக் கல்லைத் தட்டறா. ஜம்புலிங்கம் வேலிக் காலைத் தட்டறான். மூணு பேருக்கும் ஒரே வாத்தியாரு. அந்த வாத்தியாரு யாருடா?"

நான் நோட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"பிப்ரவரிக்கு இருபத்தெட்டுன்னு அதுங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நீ. உன் வாயால இருபத்தெட்டு, கார்டு வந்ததும் இருபத்தொம்பதா? அதான் நான் நம்பல. தெரிஞ்சுக்கோ."

"நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்குடுக்கலக்கா. உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்."

அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் குதிகால் அவ்வளவு நேரமும் தூணைத் தட்டிக்கொண்டிருந்தது.